மேலே குளிர் முடிந்த வியாழக்கிழமை

பிளெய்க்,
அக்டோபர், இரண்டாவது ஞாயிறு

அன்புள்ள டோருனுக்கு,

குன்வோர் எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இந்தக் கடிதத்தை உறையோடு குப்பையில் போடாமல் இருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்தே வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

காகிதத்தில் கடிதமா என்று உனக்குச் சிரிப்பு வரலாம். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் 'சரி' என்று ஒரே சொல் வருகிறது. போன மாதம் உன் பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய நாலு வரிக்கும் 'சரி'தான் வந்தது. பிறந்தநாள் வாழ்த்துக்கு யாராவது 'சரி' என்று பதில் போடுவார்களா? மனம் வெறுத்துப் போனவர்கள்தான் போடுவார்கள். உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் போட்டிருப்பேன்.

உன் அம்மா போய்ச் சில வருடங்கள் கழித்து இந்த வீட்டுக்கு வந்தவள் நான். உன்னை வளர்க்கவில்லை. உனக்குப் புத்தி சொல்கிற உரிமையும் எனக்குக் கிடையாது. நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய், நானும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், அது எனக்குப் பிடித்தே இருக்கிறது. ஆனால் இப்போது எழுதாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த வீட்டில் நான் சாப்பிடும் உருளைக்கிழங்கு தொண்டையில் இறங்காது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. கிழங்கு தோண்டி முடித்தாயிற்று, இந்த வருடம் சின்னச் சின்னதாகத்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டு ஆடுகள் மலையிலிருந்து இறங்கிவிட்டன, அதில் ஒன்று நம் வேலிக்குள் புகுந்து கேல் கீரையை மொட்டையடித்துவிட்டுப் போயிற்று. உன் அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இளைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ராக்கெட் தளத்துக் கேன்டீனில் வாரத்தில் நாலு நாள் நான் அடுப்படியில் நிற்பது உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ராடாரைப் பார்த்துக்கொள்கிற அர்ன்ஃபின் சூப் வாங்க வந்தவர், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "அடுத்த கோடைக்கு அனுமதி கிடைச்சிருச்சு குன்வோர், அதே ராக்கெட்ட விடப் போறாங்க. ஆனா டோருன் வரலியாம். அவ கருவிய வேற யார்கிட்டயோ ஒப்படைச்சிட்டாளாம்" என்றார். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது நீ ஏழு வருடம் உட்கார்ந்து கட்டிய கருவி. மேலே இருக்கிற பனித்துகளை எண்ணுகிற கருவி என்று எனக்குக் காட்டினாய். பார்க்க ஒரு பால் பாத்திரம் மாதிரி இருந்தது, அப்படிச் சொன்னதற்கு நீ சிரித்தாய். அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நீ வராமல் இருக்கப் போகிறாய், எதனால் என்று இந்த ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து போய் ரேடியோவில் வானிலை அறிக்கையின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லவே கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தச் சத்தியத்தை இன்று மீறப் போகிறேன். அவர் படகில் தேங்கிய தண்ணீரை இறைக்கத் துறைக்குப் போயிருக்கிறார், வர நேரமாகும்.

ஆகஸ்டில் நீ வந்து இறங்கினதிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். நாலு கோடை கழித்து வந்தாய். தளத்திலேயே உனக்கு அறை கொடுத்திருந்தார்கள். முதல் நாள் காற்று அதிகம், ராக்கெட் விடவில்லை, நீ வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். மறுநாள் ராடாரில் எதிரொலி வரவில்லை, வந்தாய். அதற்கு அடுத்த நாள் மேகம். உங்களுக்கு எதெல்லாம் கெட்ட நாளோ அதெல்லாம் எங்களுக்கு நல்ல நாளாகிப் போயிற்று. உன் அப்பா தினமும் சவரம் செய்துகொண்டார். தான் பிடித்து வந்த 'சேய்' என்கிற கடல்மீனை ஈரலோடு வேகவைத்து, நீ இரண்டாம் தரம் தட்டை நீட்டுகிறாயா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னைக்கும் போகலியா? அடடா" என்று அவர் உன்னிடம் கேட்பது ஞாபகம் இருக்கிறதா? அந்த அடடாவில் துளி வருத்தம் கிடையாது. "யோவ், கொஞ்சமாவது மொகத்தத் தொங்கப் போடு, பாவம் அந்தப் பொண்ணு" என்று அடுக்களையில் அவர் விலாவில் இடித்திருக்கிறேன். "நான் என்ன காத்தையா கூப்பிட்டேன்?" என்பார்.

ஒரு நாள் சாப்பிட்டு முடித்து, கொட்டகையிலிருந்து சைக்கிள் சக்கரத்தைக் கொண்டுவந்து வால்வை அழுத்தினாய். சீறி வந்த காற்றில் எங்கள் இருவரையும் விரல் வைக்கச் சொன்னாய். சில்லென்று இருந்தது. "விரியிற காத்து குளிரும் அப்பா. நம்ம தலைக்கு மேல எம்பது எம்பத்தஞ்சு கிலோமீட்டர்ல கோடை பூரா இதான் நடக்குது. காத்து மேல ஏறுது, விரியுது, குளிருது. பூமியில எங்கயும் இல்லாத குளிர் அங்க. இருக்கிற கொஞ்சூண்டு ஈரமும் பனித்துகளாயிரும். அந்தத் துகள்ல மின்னேத்தம் ஒட்டிக்கும், கொந்தளிப்பு அதக் கலக்கிவிடும், நம்ம ராடார் அலை அதுல பட்டுத் திரும்பி வரும். அந்தத் திரும்பி வர்றதுக்காகத்தான் இத்தன பேர் காத்துக் கிடக்கோம்" என்றாய். உன் அப்பா தலையாட்டினார். நீ டாக்டர் பட்டம் வாங்கினதிலிருந்து அவர் உன்னிடம் எதையும் திருப்பிக் கேட்பதில்லை. புரிந்தால் தலையாட்டுவார், புரியாவிட்டால் இன்னும் பலமாக ஆட்டுவார். அன்று மிகவும் பலமாகத்தான் ஆட்டினார்.

ஜூலை மாதத்து இரவில் உங்கள் ஊரில் நின்று வடக்கே பார்த்தால் அந்தப் பனி நீலமும் வெள்ளையுமாக மேகம்போலத் தெரியும் என்றாய். இங்கே அப்போது சூரியன் மறைவதே இல்லை, அதனால் அதன் அடியில் இருக்கிற எங்களுக்குத் தெரியாது என்றாய். "அப்ப அங்கேர்ந்து பாத்தா எங்க கூரைக்கு மேல இருக்கிறது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அந்த ஒன்றை மட்டும்தான் கேட்டார். நீ தெரியும் என்றாய். அதற்கப்புறம் இரண்டு நாள் அவர் நல்ல குஷியில் இருந்தார்.

புதன்கிழமை நீ சொன்னாய், அனுமதி சனிக்கிழமையோடு முடிகிறது, ராக்கெட் போய்விட்டால் மறுநாளே விமானம், அங்கே வேலை குவிந்து கிடக்கிறது என்று. நாங்கள் இருவரும் சரி சரி என்றோம்.

வியாழக்கிழமை நான் கேன்டீனில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தேன். சுவரில் இருக்கிற ஒலிபெருக்கியில் கட்டுப்பாட்டு அறைப் பேச்செல்லாம் கேட்கும். அர்ன்ஃபின் குரல் வந்தது. "வந்திருச்சு. ஜூலை மாசம் மாதிரி வந்திருக்கு" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து ஓடினார்கள். பிறகு கடலைக் காலி செய்கிற வேலை ஆரம்பித்தது. ராக்கெட் விழுகிற பகுதியில் இருந்த படகுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே அனுப்பினார்கள். எதற்கும் சண்டைக்கு நிற்கிற ஹில்மாரின் படகுகூட, திட்டிக்கொண்டேதான் என்றாலும், போய்விட்டது. 'தைஸ்தெ' மட்டும் பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள், பதில் இல்லை. யாரோ ஒரு ஜெர்மன்காரர், அது யார் படகு என்று கேட்டார். "எங்க அப்பாவோடது" என்று உன் குரல் வந்தது.

என் வாஃபிள் கருகிவிட்டது.

அவருடைய போனுக்கு அடித்துப் பார்க்கும்படி என்னிடம் வந்து கேட்டார்கள். வாசலுக்குப் போய் அடித்தேன். மணி போயிற்று, எடுக்கவில்லை. டோருன், இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எடுக்கவில்லை என்றதும் பயம் வருவதற்கு முன்னால் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இன்றைக்கும் ராக்கெட் போகாது, ராத்திரி சாப்பிட வருவாள் என்று. ஒரு மனிதர் கடலில் தனியாகப் பதில் சொல்லாமல் இருக்கிறார், நீ உள்ளே அத்தனை பேர் நடுவில் தலைகுனிந்து நிற்கிறாய், எனக்கு வந்த நினைப்பு அதுதான். உள்ளே வந்து 'எடுக்கல' என்று சொல்லிவிட்டு, என் முகத்தை யாரும் பார்க்காதபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காவல் படகு அவரைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் அர்ன்ஃபின் "மங்குது" என்றார். கொஞ்சம் கழித்து "போச்சு" என்றார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது, வயர்லெஸ்ஸும் வேலை செய்யவில்லை என்று உன் அப்பா காவல் படகுக்காரர்களிடம் சொன்னாராம். அவர்கள் நெருங்கியதும் என்ஜின் ஒரே தட்டில் கிளம்பியதையும் சேர்த்துத்தான் ஊரெல்லாம் சொன்னார்கள்.

அன்று மாலை நீ வந்தாய். காலணியைக் கழற்றாமல் சமையலறை வரைக்கும் வந்தாய். "நீ மீனவர் சங்கக் கூட்டத்துல ராக்கெட் தளத்தத் திட்டுனது எனக்குத் தெரியும். கடலப் பூட்டுறாங்கன்னு உனக்கு ஆத்திரம். இருக்கட்டும். ஆனா இது என்னோடது அப்பா. ஏழு வருஷம்" என்றாய். அவர் "என்ஜின்..." என்று ஆரம்பித்தார். "என்னப் பாத்துச் சொல்லு" என்றாய். அவர் கிழங்குச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அத்தன பேர் முன்னாடியும் எங்க அப்பான்னு சொன்னேன். இனிமே எங்கயும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். வெள்ளியும் சனியும் எதிரொலி வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை உன் விமானம் போன சத்தம் கேட்டது. அவர் கொட்டகையில் இருந்தார், வெளியே வரவில்லை.

இதுவரைக்கும் உனக்கே தெரியும். இனி எழுதப் போவது உனக்குத் தெரியாதது.

செப்டம்பர் முழுவதும் நான் அந்தக் குழாயை மாற்று, மாற்று என்று அவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். ஒரு குழாயால் மகளை இழந்துவிட்டு அதை அப்படியே வைத்திருக்கிறாரே என்று எனக்கு எரிச்சல். ஒரு நாள் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர், "அடைக்கல" என்றார். எனக்குப் புரியவில்லை. "கொழாய் அடைக்கல குன்வோர். நான்தான் என்ஜின நிறுத்துனேன். நான்தான் வயர்லெஸ்ஸ மூடுனேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "ஒரு நாள்தான் நெனச்சேன். வெள்ளிக்கிழமை விடட்டும், சனிக்கிழமை விடட்டும். இன்னும் ஒரு நாள் சாப்பிட வருவா. அவ வேலைய நான் கெடுக்க நெனைக்கல. ராத்திரி இருட்ட ஆரம்பிச்சிருச்சு, காத்துல குளிர் ஏறிருச்சு. கீழயே இப்படின்னா மேல இன்னும் நல்லாக் குளிரும், வர்றது இன்னும் பலமா வரும், அவளுக்கும் நல்லதுதான்னு நெனச்சேன்."

நான் திட்டவில்லை, ஏனென்றால் நானும் அப்படியேதான் எண்ணிக்கொண்டிருந்தேன். குளிர்தான் வேண்டும் என்றால் குளிர்காலம் நெருங்க நெருங்க நல்லதுதானே என்று. கோடை முழுக்க என்று நீ சொன்னது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவே இல்லை. வாழ்நாளெல்லாம் இந்தக் கரையில் காற்றுக்கும் குளிருக்கும் பார்த்துப் பார்த்துப் பிழைத்தவர்கள் நாங்கள். குளிர் எப்போது வரும் என்று எங்களுக்கு ஒருவர் சொல்லவா வேண்டும் என்ற நினைப்பு.

மறுநாள் கேன்டீனில் அர்ன்ஃபினிடம், ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன். "இப்பத்தானே குளிர ஆரம்பிக்குது, இனிமே எதிரொலி ஜோரா வருமே, ஏன் அதுக்குள்ள எல்லாத்தையும் மூட்ட கட்டுனாங்க?" அவர் சிரித்தார், மோசமாகச் சிரிக்கவில்லை. "மேல எல்லாம் தலகீழ் குன்வோர். நமக்குக் கோடையா இருக்கும்போதுதான் அங்க உச்சக் குளிர். காத்து மேல ஏறிக்கிட்டே இருக்கிறதால. ஆகஸ்ட் கடைசியில அந்த ஏத்தம் அடங்கிரும், அப்புறம் இறங்க ஆரம்பிச்சிரும். இறங்குற காத்து அமுங்கிச் சூடாகும். பனி இருக்காது, எதிரொலியும் இருக்காது. நாம கையுறை மாட்டும்போது அங்க கதகதன்னு ஆயிரும்" என்றார். பிறகு, கிண்ணத்தை வைத்துவிட்டு, "அந்த வியாழக்கிழம வந்துச்சே, அதுவே பெரிய விஷயம். அதுதான் இந்த வருஷத்துக்குக் கடைசி" என்றார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். சொல்லாவிட்டால், தான் தள்ளிப்போட்டது ஒரு நாள்தான், மற்றதெல்லாம் வானத்தின் குற்றம் என்று அவர் தன்னை ஆறுதல் படுத்திக்கொண்டே இருப்பார். உன்னை நினைத்தபோது அந்த ஆறுதல் நியாயமில்லை என்று தோன்றியது. சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் தலையாட்டவே இல்லை. "அப்ப நான் நிறுத்துனது கடைசி நாளையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து போய்ப் படகுச் சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்து, "வச்சுக்க" என்றார். அதற்கப்புறம் அவர் கடலுக்குப் போகவில்லை. துறைக்குப் போவார், தண்ணீர் இறைப்பார், திரும்பி வருவார்.

டோருனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவே கூடாது என்றார். "வெறுப்புல செஞ்சேன்னு நெனச்சுக்கட்டும், அது பரவால்ல. மீன்காரனுக்கும் ராக்கெட்காரங்களுக்கும் ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதுல அவளுக்கு ஒண்ணும் அவமானம் இல்ல. அப்பனுக்கு எது குளிர் எது வெயில்னே தெரியலன்னா அவ அங்க எப்படித் தலைநிமிந்து நிப்பா?" என்று கேட்டார். அதற்காகத்தான் சத்தியம். உன்னை ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டதைச் சொல்வதைவிட, உன்மேல் வெறுப்பு இருப்பதாக நீ நம்புவதே மேல் என்று அவருக்குத் தோன்றுகிறது. ஆண்பிள்ளைகளின் மூளை எப்படி வேலை செய்கிறதோ, எனக்குத் தெரியவில்லை.

வாசலில் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

புதன்கிழமை

மேலே உள்ளதை எழுதிய அன்று அவர் உள்ளே வந்துவிட்டதால் காகிதங்களை ரொட்டி டப்பாவுக்குள் திணித்தேன். ஓரங்களில் எண்ணெய்க் கறை இருந்தால் அதனால்தான். சத்தியத்தை மீறினேனே என்று மறுநாள் முழுக்கக் குறுகுறுப்பாக இருந்தது. இப்போது அது தீர்ந்துவிட்டது, ஏனென்றால் அவரே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை மாலை பள்ளிக்கூட மண்டபத்தில் மீனவர் சங்கக் கூட்டம். நான் காப்பி ஊற்றப் போயிருந்தேன். டீசல், துறைமுக விளக்கு என்று பேசி முடித்து எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது உன் அப்பா எழுந்தார். "என் என்ஜின் கெடல. ஆகஸ்ட்ல நான் பொய் சொன்னேன்" என்றார். கோட்டு மாட்டினவர்கள் அப்படியே நின்றார்கள். "ராக்கெட் போனா என் பொண்ணு போயிருவா. ஒரு நாள் இருக்கட்டும்னு உள்ளயே நின்னேன். மேல கோடையிலதான் குளிரும்னு எனக்குத் தெரியாது. இன்னும் குளிரட்டும், நல்லா வரும்னு நெனச்சேன். அதுதான் கடைசி நாள்" என்றார். அவ்வளவையும் தரையைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் காது இரண்டும் சிவந்து போயிருந்தன. நான் காப்பிக் கூஜாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்காக வெட்கப்படுகிறேனா, என்னை நினைத்து வெட்கப்படுகிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஹில்மாரை உனக்குத் தெரியும், சும்மா இருக்கிற ஆள் இல்லை. "நாங்கல்லாம் கடல்ல விரிச்ச ஆயிரங்கால் தூண்டிலப் பாதியில விட்டுட்டு வெளிய போயி நின்னோம். நீ உள்ள உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தியாக்கும்?" என்றார். "காப்பி கொண்டு போனேன் ஹில்மார். குடிக்க முடியல" என்றார் உன் அப்பா. பிறகு, அடுத்த கோடையில் கடலைக் காலி செய்கிற நாட்களில் தானே ஒவ்வொரு படகாகப் போய்ச் சொல்லி அனுப்புவதாகவும், யாராவது தங்கிவிட்டால் இழுத்துக்கொண்டு வருவதாகவும், அதற்காகத் தளத்துக்காரர்களிடம் எதுவும் வாங்கப் போவதில்லை என்றும் சொன்னார். "ஆட்ட ஓட்டுற நாய் மாதிரி எங்கள ஓட்டப் போற" என்றார் ஹில்மார். "ஆமா, குரைக்கவும் செய்வேன்" என்றார் இவர். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.

அப்போது ஹில்மார், கிண்டலாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "சரிப்பா, அடுத்த கோடைக்கு அவ வர்றாளா?"

உன் அப்பா நின்றுகொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவராக நாற்காலியை மடக்கி வைத்துவிட்டுப் போனார்கள். ஹில்மார் போகும்போது அவர் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார், அது ஹில்மார் இதுவரை யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை.

நேற்று என்னோடு வண்டியில் ஏறித் தளத்துக்கு வந்தார். எத்தனை வருடமாக அந்த வாசலைத் தாண்டமாட்டேன் என்று வீம்பு பிடித்தவர். கேன்டீனில் அர்ன்ஃபினுக்கு எதிரே போய் உட்கார்ந்து, "அது ஏன்யா அங்க தலகீழா இருக்கு? மெதுவாச் சொல்லு. நான் தலையாட்டினா நம்பாத" என்றார். அர்ன்ஃபின் மேஜையில் விரலால் கோடு போட்டுப் போட்டுச் சொன்னார். நான் அடுப்பிலிருந்து பார்த்தேன், உன் அப்பா ஒரே விஷயத்தை மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டார். மே மாதக் கடைசியில் எதிரொலி வர ஆரம்பித்துவிடும், ஜூன், ஜூலையில் மேலே குளிர் முற்றிப்போயிருக்கும், அந்த நாட்களில் ராக்கெட் விட வருகிறவர்கள் அதிகம் காத்திருக்க வேண்டியிராது என்று அர்ன்ஃபின் சொன்னார். திரும்பி வரும் வழியில் இவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "ஜூன்ல வந்தா அவளுக்கு ஒடனே கெடச்சிரும் குன்வோர். ஒடனே கெடச்சிரும்" என்றார். உடனே கிடைத்தால் உடனே கிளம்பிவிடுவாளே என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா?

டோருன், மன்னித்துவிடு என்று கேட்கும்படி அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அது உன் கையில் இருப்பது. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். உன் கருவியை இன்னொருவர் கையில் கொடுத்து அனுப்பாதே. நீயே கொண்டுவா. தளத்திலேயே தங்கிக்கொள், எங்கள் வீட்டுப் பக்கம் வர வேண்டாம், வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம். அத்தனை பேர் நடுவில் நீ தலைகுனிந்த அதே அறையில், நீயே உன் ராக்கெட்டை விட்டுவிட்டுப் போ.

நீ வந்து இறங்குகிற அன்றைக்கே எதிரொலி வரட்டும். அன்றைக்கே கடல் காலியாக இருக்கட்டும். அன்றைக்கே உன் ராக்கெட் ஏறி, மறுநாள் காலை விமானத்தில் நீ நிம்மதியாகத் திரும்பிப் போக வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வேண்டிக்கொள்கிறோம்.

உன்மேல் எப்போதும் அன்புள்ள,
குன்வோர்